பத்து சென்ட் பேய்ப் புத்தகம்

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பிரேமிங்ஹாம் என்றொரு ஊர். நகைப்பெட்டியும் விலைச்சீட்டும் செய்து பேர் வாங்கிய டென்னிசன் கம்பெனி அங்கே இருந்தது. 1909இல் அந்தக் கம்பெனி மெல்லிசாக ஒரு புத்தகம் போட்டது. பெயர் ‘போகி புக்’. பூச்சாண்டிப் புத்தகம் என்று வைத்துக்கொள்ளலாம். நம் ஊர்ப் போகிக்கும் இதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. அக்டோபர் 31 இரவு வரும் ஹாலோவீனுக்கு வீட்டை எப்படி ஜோடிப்பது, யாருக்கு என்ன வேடம் போடுவது, விருந்துக்கு வந்தவர்களை எந்த விளையாட்டில் இறக்குவது என்று சொல்லிக்கொடுக்கும் புத்தகம் அது. அடுத்த பதிப்பு 1912இல் வந்தது. அதிலிருந்து 1930களின் நடுப்பகுதிவரை ஏறக்குறைய வருடாவருடம் வந்துகொண்டிருந்தது. விலை ஐந்து சென்ட், பிறகு பத்து சென்ட்.

பண்டிகை அலங்காரத்தைக் கடைச்சரக்கு, கைவேலை என்று இரண்டு கட்சியாகப் பிரித்துப் பேசுவது இன்றைய வழக்கம். கைவேலை பாட்டி காலத்துப் பழக்கம், கம்பெனிகள் வந்து அதைக் கெடுத்தன என்ற வருத்தமும் கூடவே வரும். அமெரிக்க ஹாலோவீன் விஷயத்தில் நடந்தது கிட்டத்தட்டத் தலைகீழ். சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து வெட்டி, ஒட்டி, தைத்து அந்தப் பண்டிகையைக் கொண்டாட ஒரு தலைமுறைக்குச் சொல்லிக்கொடுத்தது ஒரு தொழிற்சாலைதான். அதனிடம் விற்பதற்குத் தாள் நிறைய இருந்தது.

ஹாலோவீன் அமெரிக்க மண்ணில் பிறந்ததில்லை. அறுவடை முடிந்து குளிர்காலம் தொடங்கும் வேளையில் கெல்டிக் மக்கள் கொண்டாடிய பழைய திருநாள் ஒன்று; நவம்பர் 1ஆம் தேதி புனிதர் அனைவரையும் நினைக்கும் கிறிஸ்தவத் திருநாள் ஒன்று. இரண்டும் கலந்த இரவு அது. அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் டர்னிப் கிழங்கைக் குடைந்து உள்ளே விளக்கு வைப்பார்கள். பிள்ளைகள் வேடம் கட்டி வீடுவீடாகப் போவதும் அங்கே உண்டு. 1840களின் பெரும் பஞ்சத்துக்குப் பிறகு ஐரிஷ்காரர்கள் லட்சக்கணக்கில் கப்பலேறி அமெரிக்கா போனபோது இதெல்லாம் கூடவே போயிற்று. அங்கே டர்னிப்பைவிடப் பெரிதாக, குடைவதற்கு லேசாகப் பரங்கிக்காய் கிடைத்தது. விளக்கு அதற்குள் மாறிக்கொண்டது.

19ஆம் நூற்றாண்டின் கடைசியில் இது அங்கே இளவட்டங்களின் விருந்து நாள். ஆப்பிள் தோலை அறுபடாமல் சீவித் தோளுக்குப் பின்னால் எறிந்தால், விழுந்த தோல் எந்த எழுத்து வடிவில் கிடக்கிறதோ அந்த எழுத்தில் வருங்காலக் கணவன் பெயர் தொடங்கும்; கணப்பில் இரண்டு கொட்டைகளைப் போட்டு, எது வெடித்துத் தள்ளிப் போகிறது, எது சேர்ந்து எரிகிறது என்று பார்த்தால் காதல் நிலைக்குமா என்று தெரியும். இப்படி நிறைய. பேயைவிடக் கல்யாணம்தான் அந்த இரவின் முக்கியக் கவலை. அலங்காரத்துக்குச் சோளத்தட்டை, பரங்கிக்காய், ஆப்பிள், பழுத்துச் சிவந்த இலைகள். எல்லாம் தோட்டத்திலிருந்து வந்தவை, காசு செலவில்லை. ஆனால் நகரத்தில் மூன்றாம் மாடியில் குடியிருப்பவர் சோளத்தட்டைக்கு எங்கே போவார்?

டென்னிசன் கம்பெனி பிறந்ததே ஒரு வீட்டில்தான். மெயின் மாநிலத்து பிரன்ஸ்விக் ஊரில் ஆண்ட்ரூ டென்னிசன் செருப்புத் தைக்கிறவர். மகன் ஆரனுக்கு பாஸ்டனில் நகை வியாபாரம். நகை வைக்கும் சின்னப் பெட்டிகள் அப்போது வெளிநாட்டிலிருந்து வந்துகொண்டிருந்தன. ஆரனுக்கு அவற்றின் தரம் பிடிக்கவில்லை. 1844இல் அட்டையும் தாளும் வாங்கிவந்து அப்பாவிடம் கொடுத்தார். தோலை வெட்டிப் பழகிய கை அட்டையை வெட்டியது. வீட்டுப் பெண்பிள்ளைகளும் உட்கார்ந்து ஒட்டினார்கள். ஆரனுக்குக் கடிகாரத்தில் நாட்டம் அதிகம். அமெரிக்கக் கைக்கடிகாரத் தொழிலின் முன்னோடி என்று அவர் பெயரைச் சொல்கிறார்கள். பெட்டி வியாபாரத்தை வளர்த்தவர் தம்பி எலிஃபலெட்.

எலிஃபலெட் காப்புரிமை வாங்கிய சரக்கு பார்வைக்கு ரொம்ப அற்பமானது. மூட்டையில் கட்டும் சீட்டு, கயிறு கோத்த ஓட்டையில் கிழிந்துவிடும். ஓட்டையைச் சுற்றி இரண்டு பக்கமும் சின்னத் தாள் வளையம் ஒட்டினால் கிழியாது. அவ்வளவுதான் விஷயம், 1863இல் காப்புரிமை. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஸ்டெர்லிங் என்ற ஊரில் எபெனேசர் பட்டரிக் என்ற தையற்காரர் அதே 1863இல் இன்னொரு தாள் வியாபாரத்தைத் தொடங்கினார். துணியின் மேல் வைத்து வெட்டுவதற்கான தாள் அச்சு, அளவு வாரியாக. முதலில் கெட்டித் தாளில் செய்து பார்த்தார். தபாலில் அனுப்ப மடிக்க வேண்டுமே என்று மெல்லிய டிஷ்யூ தாளுக்கு மாறினார். தையற்கடையில் கூலி கொடுக்க முடியாத வீடுகளில் சட்டையும் கவுனும் வெட்ட வழி பிறந்தது. மாறுவேட உடைகளுக்கென்றே பட்டரிக் கம்பெனி 1892இல் ஒரு புத்தகமும் போட்டது.

நகையைச் சுற்றிக் கொடுக்க டென்னிசன் கம்பெனி இங்கிலாந்திலிருந்து வண்ண டிஷ்யூ தாள் தருவித்து விற்றது. நகைக்காரர்களைவிடக் குடும்பப் பெண்கள் அதை அதிகம் விரும்பினார்கள். தாள் பூச் செய்வது அப்போது ஒரு மோகம். 1890களில் கிரேப் பேப்பர் வந்தது. நம் பள்ளி ஆண்டுவிழா மேடையில் இந்தக் கம்பத்திலிருந்து அந்தக் கம்பத்துக்கு முறுக்கிக் கட்டுகிறோமே, அதே தாள்.

இந்தத் தாளின் சூட்சுமம் அதன் சுருக்கத்தில் இருக்கிறது. ஈரமான மெல்லிய தாள் உருளையில் ஒட்டிக்கொண்டு ஓடிவரும். உருளையோடு அணைத்து நிறுத்திய ஒரு தகடு அதைச் சுரண்டி எடுக்கும். தாள் தகட்டில் இடித்து இடித்துப் பொடிச் சுருக்கமாகக் குவிந்து, அந்த வாக்கிலேயே காய்ந்துவிடும். சுருக்கத்துக்குக் குறுக்கே இழுத்தால் நீளும். சுருக்கத்தின் போக்கில் இழுத்தால் நீளாது. இந்த ஒன்று பிடிபட்டுவிட்டால் கற்றுக்குட்டிக்கும் பாதி வேலை முடிந்தது. சதுரத் துண்டின் நடுவில் இரண்டு கட்டைவிரலையும் வைத்து மெல்ல விரித்தால் கிண்ணம்போலக் குழிந்து ரோஜா இதழ் ஆகிவிடும். விளிம்பை விரலால் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துவிட்டால், ஊசியே இல்லாமல் ஃப்ரில் வந்துவிடும். சாதாரணத் தாளில் இதைச் செய்யப் போனால் கிழியும். துணியில் செய்ய நாள் பிடிக்கும். தொழில் உலகிலும் இந்தச் சுருக்கத்துக்கு ஒரு வேலை கிடைத்தது. கார்களுக்கு இரண்டு வண்ணத்தில் பெயின்ட் அடிக்கிறவர்களுக்காக 3எம் கம்பெனியின் ரிச்சர்ட் ட்ரூ 1925இல் செய்த மாஸ்கிங் டேப்பின் முதுகு கிரேப் பேப்பர்தான். வளைவுகளில் அது இழுபட்டு ஒட்டிக்கொள்ளும்.

டென்னிசன் கிரேப் பேப்பர் மடிப்பாக விற்றது: அகலம் 20 அங்குலம், நீளம் 10 அடி. வெறும் வண்ணத்தில் ஒரு வகை, படம் அச்சிட்டது ஒரு வகை. அச்சிட்டதில் பத்தடி நீளத்துக்கும் சூனியக்காரிகள் துடைப்பத்தில் பறப்பார்கள், முதுகை வளைத்த கறுப்புப் பூனைகள் வரிசையாக நிற்கும், நிலாவுக்குக் குறுக்கே வௌவால் போகும். சுவரின் மேல்பகுதியில் சுற்றி ஒட்டிவிட்டால் அறை தயார். படங்களைத் தனித்தனியாக வெட்டி விளக்கு மூடியிலும் அழைப்பிதழிலும் ஒட்டலாம்.

இவ்வளவு சரக்கையும் வைத்துக்கொண்டு கம்பெனி ஒன்றைச் சரியாகக் கணித்தது. வாங்குகிறவளுக்குத் தாள்மீது ஆசை இருக்கிறது. கொண்டுபோய் என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை. விளம்பரம் செய்து இதைத் தீர்க்க முடியாது. பாஸ்டன், நியூயார்க், பிலடெல்பியா, சிகாகோ கடைகளில் மேசை போட்டு, ஆசிரியைகளை உட்காரவைத்து, வருகிறவர்களுக்குத் தாள் பூவும் தாள் உடையும் செய்யச் சொல்லிக்கொடுத்தார்கள். கடைக்கு வர முடியாத சிற்றூர்களுக்கு அந்த ஆசிரியையின் வேலையை ‘போகி புக்’ செய்தது. கிறிஸ்துமஸுக்கு, தாள் பூவுக்கு, தாள் உடைக்கு என்று மற்ற புத்தகங்களும் வரிசையாக வந்தன. தாள் கயிற்றைப் பின்னிக் கூடை முடைவதற்குக்கூட ஒரு புத்தகம் இருந்தது.

‘போகி புக்’கில் இரண்டு பேர் உட்காரும் மேசையிலிருந்து ஊர்ச் சபை மண்டபம்வரை எதை எப்படி அலங்கரிப்பது என்ற யோசனைகள் இருக்கும். படம் பக்கத்திலேயே இருக்கும். எத்தனை மடிப்பு ஆரஞ்சுத் தாள், எத்தனை மடிப்புக் கறுப்பு, ஒட்டுச்சீட்டுப் பாக்கெட் எத்தனை என்று கணக்கும் கொடுத்திருப்பார்கள். கணக்கில் வரும் பண்டம் அத்தனையும் டென்னிசன் சரக்கு என்பதைச் சொல்லத் தேவையில்லை. சமையல் குறிப்பில் எந்த மசாலாக் கம்பெனி என்றும் சேர்த்து எழுதுவார்களே, அந்தச் சாமர்த்தியம். ஆனாலும் குறிப்புகள் ஏமாற்று வேலை இல்லை. சொன்னபடி செய்தால் வந்தது.

உடை தைக்கும் முறையைப் பார்த்தால் இது புரியும். தாளை மட்டும் வைத்து உடை தைத்தால் கை தூக்கும்போதே அக்குளில் கிழிந்துவிடும். அதனால் முதலில் மலிவான மஸ்லின் துணியில், கையில்லாத, சிம்மீஸ் மாதிரி ஒரு அடியுடை. பழசு ஒன்று வீட்டில் இருந்தால் அதுவே போதும். பாவாடைக்குத் தாளைச் சுருக்கம் மேலிருந்து கீழாக ஓடும்படி வைத்து வெட்ட வேண்டும். அப்போதுதான் தொங்கும்போது தாள் இழுபட்டு நீளாது, சுற்றளவில் விரிந்து கொடுக்கும். மேல் விளிம்பைக் கொசுவி அடியுடையின் இடுப்பில் வைத்துத் தைக்க வேண்டும். தையல் மெஷின் தாளையும் தைக்கும், ஆனால் தையல் நீளமாக இருக்க வேண்டும். பொடித் தையல் போட்டால் ஊசி ஓட்டைகள் நெருங்கி, தபால்தலையைக் கிழிக்கிற மாதிரி அந்தக் கோட்டிலேயே கிழிந்துவிடும். ஃப்ரில் வைத்த அடுக்குகளைக் கீழிருந்து மேலாகத் தைத்துவந்தால் ஒவ்வொரு தையலையும் அடுத்த அடுக்கு மூடிவிடும். கற்றுக்குட்டியின் கோணல் வெளியே தெரியாது. தலைக்கு அட்டையைக் கூம்பாகச் சுருட்டி, மேலே கறுப்புத் தாள் ஒட்டி, ஓர் ஆரஞ்சு நிலாவை வெட்டிப் பதித்தால் சூனியக்காரி தொப்பி.

ஒரே ராத்திரி போடுகிற உடை. நனைந்தால் சாயம் உடம்பெல்லாம் ஒட்டும். உட்காரும்போது பார்த்து உட்கார வேண்டும். இந்தக் குறைகளே வியாபாரத்துக்கு வசதி. அடுத்த அக்டோபருக்கு மறுபடி தாள் வாங்கத்தான் வேண்டும். வாங்குகிறவருக்கும் பெரிய நஷ்டமில்லை. துணி எடுத்துத் தைப்பதைவிடச் செலவு குறைவு. கெட்டுப்போனாலும் போகிறது, தாள்தானே என்று துணிந்து கத்தரி வைக்கலாம். நல்ல துணியின்மேல் முதல்முறை கத்தரி வைக்கக் கை நடுங்கிய அனுபவம் தையல் பழகிய எல்லாருக்கும் உண்டு.

ஆரஞ்சும் கறுப்பும் ஹாலோவீன் நிறங்கள் என்பது இன்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இது நாடு முழுக்க ஒரே மாதிரி நிலைத்ததில் இந்தப் புத்தகங்களுக்குப் பெரிய பங்கு உண்டு. பூனை, ஆந்தை, வௌவால், சூனியக்காரி, எலும்புக்கூடு எல்லாம் முன்பே தனித்தனியாக இருந்த உருவங்கள். ஒரே அச்சகத்திலிருந்து ஒரே படம் எல்லா மாநிலங்களுக்கும் போனபோது அவை ஒரு தொகுப்பாக இறுகின. அதில் ஓர் இழப்பும் உண்டு. பாஸ்டனுக்கு அருகில் லின் என்ற ஊரில் நூலகராக இருந்த ரூத் எட்னா கெல்லி 1919இல் ஹாலோவீனின் வரலாற்றை ஒரு முழுப் புத்தகமாகவே எழுதினார்; அமெரிக்காவில் அந்தப் பொருளில் அதுதான் முதல் புத்தகம். ஸ்காட்லாந்து, அயர்லாந்து, வேல்ஸ் என்று ஊருக்கு ஊர் மாறும் சடங்குகளை அவர் பொறுமையாகத் தொகுத்திருக்கிறார். டென்னிசன் பக்கங்களில் அந்த வேறுபாடு எதுவும் கிடையாது. எல்லா ஊருக்கும் ஒரே பூனை.

போட்டிக்காரர்களும் இருந்தார்கள். காகிதக் கூழில் செய்த பரங்கி முகங்களும் பூனைத் தலைகளும் ஜெர்மனியிலிருந்து வந்துகொண்டிருந்தன. அங்கே அது குடிசைத் தொழில். முதல் உலகப் போர் அந்த வரத்தைத் தடுத்தது. பென்சில்வேனியாவில் மார்ட்டின் பீஸ்டல் 1900இல் தொடங்கிய கம்பெனி, மூடினால் தட்டையாகவும் விரித்தால் தேன்கூடு போலவும் இருக்கும் டிஷ்யூ அலங்காரங்களை 1910 வாக்கில் கொண்டுவந்து, பிறகு ஹாலோவீனுக்குள்ளும் நுழைந்தது. அது பிரித்து மாட்டும் சரக்கு, செய்வதற்கு ஒன்றுமில்லை. கைவேலையில் இஷ்டமில்லாதவர்களுக்கு அது வசதி. பீஸ்டல் கம்பெனி இன்றும் பென்சில்வேனியாவிலேயே இருக்கிறது. 1917இல் கான்சஸ் நகரத்து ஹால் சகோதரர்களின் கடையில் கிறிஸ்துமஸ் சமயத்தில் டிஷ்யூ தாள் தீர்ந்துபோய், உறைக்குள் வைத்து ஒட்டும் பூப்போட்ட தாளை எடுத்து விற்றார்கள். அச்சடித்த பரிசுத்தாள் வியாபாரம் அங்கே அப்படித் தொடங்கியது. அந்தக் கடைதான் பின்னால் ஹால்மார்க்.

பண்டிகைச் சரக்கில் ஒரு பெரிய தொல்லை, வேலை வருடம் முழுக்க இருக்காது. சீசனுக்கு முன்னால் இரவும் பகலும் ஓட்டம். முடிந்ததும் தொழிலாளிகளை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். எலிஃபலெட்டின் பேரன் ஹென்றி டென்னிசன் இதைச் சும்மா விடவில்லை. கடைக்காரர்களிடம் பேசி மாதக்கணக்கில் முன்னதாகவே ஆர்டர் வாங்கினார். மந்தமான மாதங்களில் கெட்டுப்போகாத சரக்கைச் செய்து இருப்பு வைத்தார். அப்படியும் வேலை இல்லாமல் போகிறவர்களுக்காக 1916இல் கம்பெனிப் பணத்தில் ஒரு நிதி ஒதுக்கினார். அமெரிக்காவில் ஒரு நிறுவனம் தன் தொழிலாளிகளுக்கு ஏற்படுத்திய வேலையின்மைக் காப்பீட்டில் அது முதலாவது என்று பொருளாதார வரலாற்றில் குறிப்பிடுவார்கள். ஒரு ராத்திரிப் பேய் விருந்துக்காக ஏப்ரல் மாதமே பூனைப் படம் அச்சிடுகிற தொழிலிலிருந்து இப்படி ஒரு யோசனை பிறந்திருக்கிறது. பிற்பாடு ஹென்றியோடு சேர்ந்து 1938இல் ஒரு பொருளாதாரப் புத்தகம் எழுதிய இளைஞர், ஜான் கென்னத் கால்பிரெய்த். 1961இல் இந்தியாவுக்கு அமெரிக்கத் தூதராக வந்தவர் அவர்தான்.

தாள் உடையின் நல்ல காலம் 1920கள். அது முடிந்ததற்குப் பொருளாதார நெருக்கடி மட்டும் காரணமில்லை. பண்டிகையே வீட்டை விட்டுத் தெருவுக்குப் போய்விட்டது.

ஹாலோவீன் ராத்திரி விடலைப் பையன்களின் குறும்பு அந்நாளில் பெரும் தலைவலி. வாசல் கேட்டைக் கழற்றி மரத்தில் மாட்டுவது, கொல்லைக் கழிப்பறையைக் கவிழ்ப்பது, மாட்டை அவிழ்த்துத் தெருவில் விடுவது என்று தொடங்கி, 1930களில் கண்ணாடி உடைப்பு, தீ வைப்புவரை போயிற்று. மின்னசோட்டா மாநிலத்து அனோக்கா ஊர்க்காரர்கள் 1920இலேயே ஓர் ஊர்வலம் நடத்திப் பையன்களை அதில் இழுத்துவிட்டார்கள். மற்ற ஊர்களும் வேடப் போட்டி, மிட்டாய், வாண வேடிக்கை என்று வழி தேடின. இன்னொரு பக்கம், வீட்டுக்கு வீடு போய் மிட்டாய் கேட்கும் ‘ட்ரிக் ஆர் ட்ரீட்’ பரவியது. மிட்டாய் தருகிறீர்களா, குறும்பு செய்யட்டுமா என்ற மிரட்டல் அது. கனடாவில் 1917 வாக்கிலேயே அச்சில் வந்துவிட்ட வழக்கம், 1930களில் அமெரிக்காவில் வேரூன்றியது. போர்க்காலச் சர்க்கரைப் பங்கீட்டில் சில வருடம் அடங்கி, 1947க்குப் பிறகு நாடு முழுக்க வந்துவிட்டது. 1952இல் டொனால்ட் டக் படம் ஒன்றே அந்தப் பெயரில் வந்தது.

வீட்டுக்குள் விளக்கொளியில் இரண்டு மணி நேரம் நடமாடும் உடை வேறு, அக்டோபர் குளிரில் இருபது வீட்டுப் படியேறும் உடை வேறு. தூறல் விழுந்தால் தாள் தாங்காது. பெரிய ஆபத்து நெருப்பு. வாசல்தோறும் பரங்கிக்காய்க்குள் மெழுகுவத்தி. பக்கத்தில் ஃப்ரில் வைத்த தாள் பாவாடையோடு ஒரு குழந்தை. தீ எளிதில் பற்றாத கிரேப் பேப்பர் பிறகு வந்தது. தாளை மட்டும் குறை சொல்லவும் முடியாது. 1940களில் பையன்கள் போட்ட கௌபாய் உடைகளில் ரேயான் மயிர் வைத்துத் தைத்திருந்தார்கள். தீப்பொறி பட்டுப் பல குழந்தைகள் வெந்துபோனார்கள். எரியும் துணிகளைத் தடுக்க 1953இல் அமெரிக்காவில் தனிச் சட்டமே வந்தது.

கடையில் தைத்த உடை இந்த இடைவெளியில் உள்ளே வந்தது. பென்சில்வேனியாவில் காலேஜ்வில் கம்பெனி கொடி தைக்கிற கம்பெனி. மிஞ்சிய துணியில் கோமாளி உடை தைத்துத்தான் இந்தத் தொழிலுக்குள் வந்தது. 1937இல் நியூயார்க்கில் பென் கூப்பர் கம்பெனி தொடங்கியது. டிஸ்னி பாத்திரங்கள், பிறகு டெலிவிஷன் நாயகர்கள், சூப்பர்மேன், பேட்மேன் எல்லாம் அட்டைப்பெட்டிக்குள் வந்தார்கள். பெட்டியின் மேல் கண்ணாடித்தாள் ஜன்னல், உள்ளே ரப்பர் நாடா கட்டிய மெல்லிய பிளாஸ்டிக் முகமூடி, ஒரு மேலங்கி. மேலங்கியின் மார்பில் அந்த நாயகனின் படத்தையே அச்சடித்திருப்பார்கள். பேட்மேன் தன் படத்தைத் தானே மாட்டிக்கொண்டு அலைந்த மாதிரி இருக்கும். அழகு என்று சொல்ல முடியாது. ஆனால் 1950களிலும் 60களிலும் மூன்று டாலருக்குள் முடிந்தது, அம்மாவுக்கு ஒரு ராத்திரி தூக்கம் மிச்சம்.

அதற்காகக் கைவேலை ஒழிந்துவிடவில்லை. பழைய படுக்கை விரிப்பில் இரண்டு ஓட்டை போட்டால் ஆவி; அப்பாவின் கிழிந்த சட்டையும் முகத்தில் கரியும் போதும், நாடோடி. புத்தகமே வேண்டாத வேடங்கள். 1950இல் பிலடெல்பியாவில் மேரி எம்மா ஆலிசன், அவர் கணவர் கிளைட் இருவரும் தங்கள் பிள்ளைகளின் கையில் அலங்கரித்த பால் அட்டைப்பெட்டியைக் கொடுத்து, மிட்டாய்க்குப் பதில் யூனிசெஃப் அமைப்புக்குக் காசு கேட்கச் சொன்னார்கள். முதல் வருட வசூல் 17 டாலர். பிறகு அது நாடு தழுவிய வழக்கமாயிற்று. 1954 ஆகஸ்டில் டைம் பத்திரிகை ‘நீயே செய்துகொள்’ மோகத்தை அட்டைப்படக் கட்டுரையாகவே போட்டது. அதில் முன்னால் நின்றது துளைபோடும் கருவியும் ரம்பமும். கத்தரிக்கோலும் பசையும் இல்லை. வீட்டுவேலையின் பெருமை அம்மாவின் மேசையிலிருந்து அப்பாவின் கார் கொட்டகைக்கு இடம் மாறியிருந்தது. தாள் உடை தைத்த இரண்டு தலைமுறைப் பெண்களின் வேலையை யாரும் அட்டைப்படத்தில் போட்டதாகத் தெரியவில்லை.

1990இல் டென்னிசன் கம்பெனி ஏவரி கம்பெனியோடு இணைந்து ஏவரி டென்னிசன் ஆனது. இன்று அதன் பெரிய தொழில் ஒட்டுச்சீட்டும் உடைகளில் தொங்கும் விலைச்சீட்டும். பழைய ஆவணங்கள் பிரேமிங்ஹாம் வரலாற்று மையத்தில் இருக்கின்றன. பத்து சென்ட் ‘போகி புக்’கின் நல்ல பிரதி ஒன்றுக்குச் சேகரிப்பாளர்கள் நூற்றுக்கணக்கான டாலர் கொடுக்கிறார்கள். அதைப் பார்த்துத் தைத்த உடைகள்தான் கிடைப்பதில்லை. மறுநாள் காலையில் கணப்பிலோ குப்பையிலோ போய்விட்டன. ஆராய்கிறவர்களுக்கு இது ஒரு சங்கடம். எப்படிச் செய்யச் சொன்னார்கள் என்பதற்குப் பக்கம் பக்கமாகச் சான்று இருக்கிறது. செய்தவர்களுக்கு எப்படி வந்தது என்பதைக் குடும்ப ஆல்பத்துக் கறுப்பு வெள்ளைப் படங்களில்தான் தேட வேண்டும். கிரேப் பேப்பருக்கோ ஆயுள் முடியவில்லை. தாள் பூச் செய்கிறவர்கள் இன்று இத்தாலியிலிருந்து வரும் தடித்த ரகத்தைத் தேடி வாங்குகிறார்கள். கல்யாண மேடைக்குச் செய்யும் ரோஜா இதழை இரண்டு கட்டைவிரலால் நடுவில் விரித்துத்தான் குழிக்கிறார்கள்.